குளத்துக்குக் கிடைத்த முதல் பரிசு

விளைச்சலை எடை போட்டு மானியம் கொடுத்தால் ஏமாற்று நடக்கிறது என்று பசுமை வளர்ச்சித் துறை ஒரு காலத்தில் கண்டுபிடித்தது. மூட்டைக்குள் மண்ணைப் போட்டுக் கட்டுகிறார்கள், பக்கத்து வீட்டு மூட்டையை இரவல் வாங்கித் தன்னுடையது என்று காட்டுகிறார்கள் என்றெல்லாம் புகார் வந்தது. துறையின் பெரிய மூளைகள் குளிரூட்டிய அறையில் கூடி யோசித்தன. இலையின் பச்சையை மட்டும் யாரும் இரவல் வாங்க முடியாது என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து வயல் எவ்வளவு பச்சையோ அவ்வளவு மானியம் என்று ஆனது.

பச்சையை அளக்க ஓர் அட்டை அச்சடித்தார்கள். இளம்பச்சையில் தொடங்கி, கிளிப்பச்சை, இலைப்பச்சை என்று போய், கடைசியில் கறுப்புக்கு ஒரு முழம் முன்னால் நிற்கிற பச்சை வரைக்கும் அதில் கட்டம் கட்டமாக இருக்கும். கள அலுவலர் வயலில் இறங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அட்டையை இலையோடு சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார். கடைசிக் கட்டத்தோடு ஒத்துப்போனால் முழு மானியம். முதல் கட்டம் என்றால் அனுதாபம்.

நம் கதைக்குரியவரை ஊரில் குளத்தடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய நிலம் ஒரு சரிவு. சரிவின் அடியில் அவருக்கே சொந்தமான ஒரு சின்னக் குளம். குளத்தை ஒட்டி வீடு, வீட்டு வாசலில் கிணறு. வயலில் பெய்கிற மழை குளத்துக்கு வரும், குளத்தில் நிற்கிற தண்ணீர் கிணற்றில் ஊறும், கிணற்றில் ஊறுவதை வீட்டில் இருப்பவர்கள் குடிப்பார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்தது யார் என்று யாருக்கும் தெரியாது. துறை செய்யவில்லை, அதனால் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

அவர் பயறும் எள்ளும் சோளமும் மாற்றி மாற்றி விதைக்கிறவர். திட்டம் வந்த முதல் வருஷம் கள அலுவலர் அட்டையோடு வந்தபோது பயறு அறுப்புக்கு நின்றது. அலுவலர் வரப்பில் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

"என்னங்க ஐயா, எல்லாம் இப்படிக் காஞ்சு கெடக்கு?"

"காயல சார், முத்தியிருக்கு. அடுத்த வாரம் அறுப்பு."

"முத்தினா மஞ்சளாயிடுமா?"

"ஆமா சார். மஞ்சளானாத்தான் உள்ள மணி கெட்டியா இருக்கும்."

அலுவலர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல மஞ்சளே இல்லீங்களே" என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல. கெட்ட மனிதராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"மணி இருக்கே சார், கையில எடுத்துப் பாருங்க."

"மணியெல்லாம் தானியத் துறைங்க ஐயா. நம்மளுது பச்சை."

அந்த வருஷம் குளத்தடிக்காரருக்கு அனுதாபம் கிடைத்தது. சுற்றியிருந்த வயல்காரர்களுக்கெல்லாம் மானியம் கிடைத்தது. அவர்கள் மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். துறை பாதி விலைக்குக் கொடுத்த உரத்தைக் கொட்டோ கொட்டென்று கொட்டியிருந்தார்கள். பயிர் பழுக்க மறந்து நின்றது.

அடுத்த வருஷம் இவரும் மக்காச்சோளம் போட்டார். வேறென்ன செய்வார்? பயறு விதை விற்கிற கடையே மூடிவிட்டது. உரக்கடை மட்டும் இரண்டு மாடி ஏறியது. "ஒரு மூட்டை போட்டா போதும்னு நெனைக்காதீங்க" என்று கள அலுவலர் நயமாகச் சொன்னார். "நாங்க பார்வைக்கு வர்ற நாள் வரைக்கும் பயிர் பழுக்கக் கூடாது. பழுத்துட்டா எங்க கையில ஒண்ணுமில்ல." ஆகவே மூட்டை மேல் மூட்டையாகப் போனது. பயிர் ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து, கறுகறுவென்று, பார்க்கவே கொஞ்சம் பயமாக நின்றது. கதிரை உரித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொக்கை வாயில் பல் இருப்பது மாதிரி மணி இருந்தது. பார்வை முடிந்ததும் வெட்டி மாட்டுக்குப் போட்டார்கள். மாடு மோந்து பார்த்துவிட்டு வைக்கோலைத் தேடிப் போனது.

"கண்ணுக்கு நல்லா இருக்கு. சட்டியில போட என்ன இருக்கு?" என்று கேட்டாள் அவர் மனைவி.

"மானியம் வருதுல்ல. கடையில வாங்கிக்கலாம்."

"கடைக்காரன் எங்கேருந்து கொண்டாரான்?"

"வெளிநாட்டுலேருந்து கப்பல்ல வருதாம்."

"அந்த ஊர்ல பயிர் பழுக்க விடுவாங்க போல" என்றாள் அவள். சொல்லிவிட்டுக் கடைப் பயற்றில் கல் பொறுக்கினாள்.

துறையின் ஆண்டறிக்கையில் பசுமை உற்பத்தி ஏறிக்கொண்டே போனது. பழைய தானியக் கிடங்கு ஒன்று காலியாகக் கிடந்ததால் ஆண்டறிக்கைகளை அங்கேயே அடுக்கினார்கள்.

மழை வந்தது. மழைக்கு மானிய விதிமுறை தெரியாது. வயலில் போட்ட உரத்தில் பயிர் தின்றது போக மிச்சத்தையெல்லாம் அலசிக்கொண்டு அது பழைய வழக்கப்படி சரிவில் இறங்கிக் குளத்துக்குப் போனது. குளம் மெல்லப் பச்சையானது. முதலில் ஓரத்தில் ஒரு வழுவழுப்பு. பிறகு நடுவில் திட்டுத் திட்டாகப் பாசி. பிறகு குளம் என்ற ஒன்றே தெரியாமல் ஜமுக்காளம் விரித்த மாதிரி மூடிக்கொண்டது. மீன்கள் ஒருநாள் காலையில் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. தவளைச் சத்தம் நின்றுபோனது. மீன்கொத்தி ஒன்று வந்து மரக்கிளையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் வரவில்லை.

குளத்தடிக்காரருக்கு மனசு என்னவோ செய்தது. ஆனால் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருந்தது. அதைப் பார்த்துத் தேற்றிக்கொண்டார்.

வீட்டில் பேத்தி பிறந்திருந்தாள். மகனுக்கு நகரத்தில் ஆலை வேலை, வாரம் ஒருமுறை வருவான். மருமகளுக்குப் பால் போதவில்லை என்று பால்மாவு கலக்கிக் கொடுத்தார்கள். நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சுணங்க ஆரம்பித்தது. ஒருநாள் மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அத்தை, இவ ஒதட்டப் பாருங்களேன். நீலமா இல்ல?"

சுகாதார நிலையத்து நர்ஸம்மா குழந்தையின் உதட்டையும் நகக்கண்ணையும் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, பாலை எந்தத் தண்ணீரில் கலக்குகிறீர்கள் என்பது. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தியம் பார்த்து, குழந்தை பிழைத்து வந்தது. நர்ஸம்மா கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வந்ததும் வீட்டுக்கே வந்து சொன்னாள்.

"தண்ணியில ஒரச்சத்து ஏறிக் கெடக்கு. பெரியவங்க குடிச்சா ஒடனே ஒண்ணும் தெரியாது. பச்சப்புள்ளைக்கு ரத்தத்துல மூச்சு நிக்காது. இனிமே ஒரு சொட்டு குடுத்துடாதீங்க."

"நல்லாக் கொதிக்க வெச்சுக் குடுத்தா?" என்று கேட்டாள் மனைவி.

"கொதிக்க வெச்சா தண்ணிதாம்மா சுண்டும். அது சுண்டாது. இன்னும் கூடும்."

குளத்தடிக்காரர் வாசலில் இறங்கி வயலைப் பார்த்தார். தன் கையால் கொட்டிய மூட்டைகள் ஒவ்வொன்றும் கண்ணுக்கு முன்னால் வந்தன. சுற்றுவட்டாரத்துக் கிணறுகளெல்லாம் இதே கதைதான் என்று தெரிந்தது. அன்றிலிருந்து மகன் வாரம் ஒருமுறை வரும்போது நகரத்துக் குழாய்த் தண்ணீரைப் பெரிய கேன்களில் நிரப்பிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தான். அந்தத் தண்ணீரைக் குழந்தையைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்று மனைவி உத்தரவு போட்டாள். மருமகள் தொண்டை வறண்டாலும் கிணற்றுத் தண்ணீரையே குடித்தாள்.

கேனை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? குளத்தைச் சுத்தம் செய்து, உரத்தை நிறுத்தி, இரண்டு மழை பார்த்தால் கிணறு தேறிவிடும் என்று குளத்தடிக்காரர் நினைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாசியை வாரி இழுக்க ஒரு நீளக் கோலோடு குளத்தில் இடுப்பளவு இறங்கினார். நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஓரத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குப் பாசியை இழுத்துக் கரையில் போட்டிருப்பார். அதற்குள் கள அலுவலர் மோட்டார் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க ஐயா! பயிர்ல எறங்காதீங்க!"

குளத்தடிக்காரர் திரும்பிப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். "எந்தப் பயிர் சார்?"

"நீங்க நிக்கறது."

"இது குளம் சார்."

அலுவலர் கரையில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். இந்த வருஷம் அட்டையை நிறுத்திவிட்டார்களாம். ஒவ்வொரு அலுவலருக்கும் ஒவ்வொரு பச்சை தெரிகிறது என்று புகார் வந்ததால் ட்ரோனைப் பறக்கவிட்டு வானத்திலிருந்து படம் எடுத்தார்களாம். படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது, மாவட்டத்திலேயே இவ்வளவு அடர்ந்த பச்சை எங்கேயும் இல்லை என்று ஓர் இடத்தைக் காட்டியதாம். அது இந்த இடம்.

"முதல் பரிசு ஐயா! மாவட்டத்துக்கே முதல் பரிசு! இயக்குநர் ஐயா நேர்ல வர்றாங்க. நீங்க என்னடான்னா வாரிப் போட்டுட்டு இருக்கீங்க."

"சார், இது பாசி. மேல போட்ட ஒரமெல்லாம் எறங்கி வந்து மொளச்சது."

"படத்துல பாசின்னு எழுதல. குளம்னும் எழுதல. பச்சைன்னுதான் இருக்கு."

"நீங்க நேர்ல பாக்கறீங்களே சார்!"

அலுவலர் குளத்தைப் பார்க்காமல் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். "நேர்ல பாக்கறத நிறுத்தத்தானே ஐயா ட்ரோன் வாங்கினாங்க."

குளத்தடிக்காரர் குழந்தையின் கதையைச் சொன்னார். அலுவலருக்குக் கண் கலங்கியது. அவருக்கும் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தது. ஆனால் விதி தெளிவாக இருந்தது. மானியம் பெற்ற பசுமையை அழித்தால் இதுவரை வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டும், நிலத்தைப் பத்து வருஷத்துக்குத் திட்டத்திலிருந்து நீக்குவார்கள். "விழா முடியட்டும். இயக்குநர் ஐயா கிட்ட நீங்களே கேளுங்க. மைக் குடுப்பாங்க" என்று அவர் காதோடு சொன்னார். போகும்போது, கரையில் கிடந்த பாசியை மறுபடியும் குளத்தில் போட்டுவிடச் சொன்னார். காலியாக இருந்த இடம் படத்தில் சொட்டையாகத் தெரியுமாம்.

விழாவுக்கு முந்தின நாள் ஆட்கள் வந்தார்கள். குளம் நன்றாகத் தெரிகிற இடம் கிணற்றடிதான் என்று கண்டு, கிணற்றின் மேல் பலகை அடித்து மூடி, அதன்மேல் மேடை போட்டார்கள். மேடைக்குப் பச்சைத் துணி. பந்தலுக்குப் பச்சைத் துணி. நாற்றத்துக்கு வாசனைத் தண்ணீர் தெளித்தார்கள். நாற்றமும் வாசனையும் கலந்து புதிதாக ஒன்று உண்டானது, அதற்கு யாரிடமும் பெயர் இல்லை.

விழா நாளும் மகன் வருகிற நாளும் ஒன்றாக அமைந்தது. காலையில் குழந்தைக்குப் பால் கலக்கியதோடு கேன் காலி. மகன் போனில் கூப்பிட்டான்.

"அப்பா, பஸ்ஸே இல்ல. எல்லாத்தையும் உங்க விழாவுக்கு ஆள் ஏத்தப் புடிச்சிட்டாங்களாம். நாளைக்குத்தான் ஓடும்ங்கறாங்க. பாப்பாவுக்குத் தண்ணி இருக்கா?"

"இருக்கு, இருக்கு" என்றார் குளத்தடிக்காரர். மகன் அங்கே இருந்து தவிப்பானே என்று சொன்ன பொய் அது.

அந்தப் பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து வாசலில் நின்றன. மகன் ஏற வேண்டிய இடத்தில் ஏறியிருந்தவர்கள் இறங்கிக் கைதட்டப் பழகினார்கள். இயக்குநர் வந்தார். மேடையில் வரிசையாக நாற்காலி, அதற்கு முன்னால் நீள மேசை, மேசைமேல் ஒவ்வொருவருக்கும் ஒரு தண்ணீர் பாட்டில். குளத்தடிக்காரரை ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவருக்கும் ஒரு பாட்டில் வைத்திருந்தார்கள். அதை அவர் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"நான் எத்தனையோ வயலப் பார்த்திருக்கேன். சில எடத்துல மண்ணு தெரியும். சில எடத்துல கதிரு தொங்கி எலையையே மறைக்கும். மனசுக்குச் சங்கடமா இருக்கும். இங்க பாருங்க! ஒரு இணுக்கு மண்ணு தெரியுதா? ஒரு மஞ்சள் எலை தெரியுதா?"

கைதட்டல்.

"சில பேரு கேக்கறாங்க, பச்சை இருக்கு, சோறு எங்கன்னு. சோறு ஒரு வேளை சமாச்சாரம். தின்னா தீர்ந்துடும். பச்சை அப்படியா? எங்க வீட்டு மொட்டை மாடியில பிளாஸ்டிக் புல்லு போட்டிருக்கேன். மழை வேணாம், வெயில் வேணாம், வருஷம் பூரா ஒரே பச்சை. ஒருநாள் சாயங்காலம் அதுல ஒக்காந்திருக்கும்போதுதான் எனக்கு இந்தத் திட்டமே தோணிச்சு."

பலத்த கைதட்டல்.

"நாங்க குடுத்த ஒரம் வீணாப் போகுதுன்னு பத்திரிகையில எழுதறான். அவனை இங்க கூட்டிட்டு வாங்க. நாங்க குடுத்த மூட்டையெல்லாம் எங்க போச்சு?" அவர் குளத்தைச் சுட்டிக் காட்டினார். "இதோ, அவ்வளவும் கண்ணு முன்னாடி இருக்கு!"

அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் பொய் இல்லை. குளத்தடிக்காரர் தன்னையறியாமல் தலையாட்டினார். பேச்சு முடிந்ததும் இலை வடிவத்தில் செய்த பெரிய கேடயத்தை அவர் கையில் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். வீட்டு ஜன்னலில் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். தோளில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. கைதட்டலுக்கு நடுவில் அந்த அழுகை அவருக்கு மட்டும் கேட்டது.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க" என்று ஆரம்பித்தார். "இது பயிர் இல்லீங்க. குளம். மூடிக்கெடக்கறது பாசி. இதனால கெணத்துத் தண்ணி கெட்டுப்போச்சு. எம் பேத்திக்குப் பால் கலக்கத் தண்ணி இல்ல. குளத்தச் சுத்தம் பண்ண உத்தரவு குடுங்க. இல்லாட்டி ஒரு குழாயாச்சும் போட்டுக் குடுங்க ஐயா. கைக்கொழந்தை."

கள அலுவலர் தரையைப் பார்த்தார். இயக்குநர் மைக்கை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"பார்த்தீங்களா, எவ்வளவு அடக்கம்! இவ்வளவு சாதிச்சிட்டு, இது பயிரே இல்லைங்கறார்!" பந்தல் அதிர்ந்தது. "அப்புறம் ஏதோ குழாய்னாரு. யாருப்பா அங்க, இவருக்குக் குழாய்க்கு என்ன வழி?"

கள அலுவலர் பக்கத்தில் வந்து குனிந்தார். "கெணறு இருக்கற வீட்டுக்குக் குழாய்த் திட்டம் பொருந்தாதுங்க ஐயா."

"கெணறு எங்க இருக்கு?"

"நீங்க நிக்கற மேடைக்கு அடியில."

இயக்குநர் காலால் பலகையைத் தட்டிப் பார்த்தார். "நல்லா உறுதியாத்தான் இருக்கு. அப்புறம் என்ன கவலை?" என்று குளத்தடிக்காரர் தோளில் தட்டினார். பின்னாலிருந்து தேசபக்திப் பாட்டு ஒலித்தது.

மேடையில் இருந்தவர்கள் எழுந்தார்கள். குளத்தடிக்காரர் மேசையைப் பார்த்தார். ஒருவர் தொண்டையை நனைத்துவிட்டு வைத்திருந்தார். ஒருவர் பாதி குடித்திருந்தார். ஒருவர் திறக்கவே இல்லை. துப்புரவு ஆள் ஒருவன் பெரிய சாக்கோடு மேசையின் ஒரு முனையிலிருந்து வரத் தொடங்கியிருந்தான். குளத்தடிக்காரர் கேடயத்தை நாற்காலியில் போட்டார். மறுமுனையிலிருந்து பாட்டில்களை எடுத்து எடுத்துத் துண்டில் போட்டுக்கொண்டே வந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் யாருடைய எச்சிலுக்கும் அவர் கை நீட்டியதில்லை. ஜன்னலைப் பார்த்தார், வெட்கம் போய்விட்டது.

நடுவில் இயக்குநர் நின்றிருந்தார். அவர் கையில் முக்கால் பாட்டில் தண்ணீர் இருந்தது.

"ஐயா, அந்த பாட்டில்... நீங்க குடிச்சு முடிச்சிட்டீங்களா?"

இயக்குநர் அவரைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். அவருக்கு நெஞ்சு விம்மியது. படம் எடுக்கிறவனைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"இதைப் பாருங்க! நாங்க குடிச்ச பாட்டிலைக்கூட ஞாபகார்த்தமா வீட்டுல வெச்சுக்கறேங்கறாரு. இந்தப் பாசத்துக்கு நாங்க என்ன பண்ணிட்டோம்?"

பையிலிருந்து பேனாவை எடுத்தார். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துக் கையெழுத்துப் போடப் போனார். மூடி போடாத பாட்டில். தண்ணீர் சரிந்து பலகையில் சிந்தியது, பலகை இடுக்கு வழியாகக் கிணற்றில் விழுந்தது.

"ஐயா, மூடி! மூடியப் போடுங்க ஐயா!" என்று குளத்தடிக்காரர் அலறிவிட்டார்.

"பதட்டப்படாதீங்க, நிதானமாப் போடறேன்" என்றார் இயக்குநர். முழுப் பெயரையும் பதவியையும் தேதியையும் எழுதினார். எழுதி முடித்தபோது பாட்டிலில் பாதிக்குக் கீழே இருந்தது.

கார்கள் போயின. பஸ்கள் போயின. மனைவி அடுப்பில் பாத்திரத்தை வைத்து ஒவ்வொரு பாட்டிலாகக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழுகிறவரை பிடித்திருந்தாள். கையெழுத்துப் போட்ட பாட்டிலைக் கடைசியில் ஊற்றினாள். நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டாள், இந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். மருமகள் பால் கலக்கிக் கொடுத்தாள். குழந்தை இடைவிடாமல் குடித்துவிட்டு அப்படியே தூங்கிப்போனது. உதடு சிவப்பாகத்தான் இருந்தது. மூன்று பேரும் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே ஒரு லாரி வந்து நின்றது. முதல் பரிசோடு சேர்ந்த ஊக்கப் பரிசாம். ஆட்கள் உர மூட்டைகளை இறக்கி வாசலில் அடுக்கினார்கள். வைக்க வேறு இடமில்லாததால் கிணற்று மேடையிலேயே அடுக்கிவிட்டுப் போனார்கள்.

"என்னங்க" என்றாள் மனைவி. "அடுத்த விழா எப்போன்னு ஏதாச்சும் சொன்னாங்களா?"

கேலி பண்ணுகிறாளோ என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கேலி பண்ணவில்லை. பாத்திரத்தைச் சாய்த்து, அடியில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.